கட்டடம் எழுந்துவிட்டது... சீஃப் எங்கே?

அரசு மருத்துவமனைகளில் குறைந்துவரும் மூத்த மருத்துவர்கள்: இழப்பு யாருக்கு?

காலை எட்டு மணி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் பொது மருத்துவ வார்டு. கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருந்த உறவினர்களை எழுப்பி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார் செவிலியர். ரவுண்ட்ஸ் நேரம். முன்னால் யூனிட் சீஃப். அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர்கள், கேஸ் ஷீட்டுகளை மார்போடு அணைத்தபடி பி.ஜி. மாணவர்கள், கடைசியில் தூக்கம் கலையாத முகத்தோடு ஹவுஸ் சர்ஜன்கள்.

ஒரு கட்டிலில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண். ஆறு நாளாக விடாத காய்ச்சல். டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. டைபாய்டாக இருக்கும் என்று மூன்று நாளாக ஊசி போகிறது. தட்டணுக்கள் இறங்கியிருக்கின்றன, இரவிலிருந்து மூச்சு வாங்குகிறது. பி.ஜி. மாணவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை சீஃப் குறுக்கிடவில்லை. பிறகு திரையை இழுக்கச் சொல்லி, நோயாளியின் கையை மெல்ல உயர்த்தி அக்குளைப் பார்க்கிறார். அங்கே கறுத்துக் காய்ந்த, வலியில்லாத ஒரு சிறு புண். வயல் வரப்பில், புதரோரத்தில் கடித்த பூச்சி விட்டுப்போன அடையாளம். ஸ்க்ரப் டைபஸ். சில ரூபாய் விலையுள்ள டாக்ஸிசைக்ளின் மாத்திரையை எழுதச் சொல்கிறார். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அந்தப் புண்ணைப் பார்க்காமலே விட்டிருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, வென்டிலேட்டர் வரை போயிருக்கும்.

இதை அதிசயமாகச் சொல்லவில்லை. பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் தமிழ்நாட்டின் எந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலும் நடக்கக்கூடிய காலைக் காட்சிதான். ரத்தப் பரிசோதனைக் கருவி எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. அக்குளைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு ஆயிரக்கணக்கான காய்ச்சல்களைப் பார்த்த கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். அவருடைய நாற்காலிக்கு யார் வருவார், எப்போது வருவார் என்பதற்குப் பல நேரம் விடை கிடைப்பதில்லை.

2025-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியபோது இந்தப் பிரச்னை வெளியே வந்தது. ஆசிரியர் பற்றாக்குறை, வருகைப் பதிவுக் குறைவு என்பவையே நோட்டீஸின் சாரம். அதற்கு முன்பே பல கல்லூரிகள் நிரந்தர டீன் இல்லாமல், பொறுப்பு டீன்களை வைத்து மாதக்கணக்கில் ஓடின. மருத்துவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில்கூட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உதவி மருத்துவர்கள் ஒரே நேரத்தில் பணி ஆணை பெற்றார்கள். கீழ்ப்படியில் ஆள் சேர்கிறது. மேல்படியில் இருப்பவர்கள் கரைகிறார்கள். இந்தக் கட்டுரையின் கவலை அந்த மேல்படியைப் பற்றியது.

ஒரு சீஃப் உருவாகும் கணக்கு

18 வயதில் எம்.பி.பி.எஸ். சேரும் மாணவிக்குப் பயிற்சி மருத்துவர் ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம். பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு. எம்.ஆர்.பி. என்றால் மருத்துவர்களுக்குப் புரியும். 2012-ல் அந்த வாரியம் தொடங்கும்வரை டி.என்.பி.எஸ்.சி. மூலம்தான் தேர்வு. அதில் தேறி, அசிஸ்டண்ட் சர்ஜனாக ஏதாவதோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறைந்தது இரண்டு வருடம். நீட் பி.ஜி. எழுதி, அரசுப் பணியாளர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் மூன்று வருடம். இதய மருத்துவமோ நரம்பு அறுவை சிகிச்சையோ படிக்க வேண்டுமானால் இன்னும் மூன்று வருடம். முதல் முயற்சியிலேயே எல்லாம் கைகூடினாலும் வயது முப்பதைத் தாண்டி நிற்கும். பலருக்கு நாற்பதை நெருங்கிவிடும்.

அதன்பிறகு உதவிப் பேராசிரியராக நான்கு வருடம், இணைப் பேராசிரியராக மூன்று வருடம் என்பது தகுதி விதிகள் கேட்கும் குறைந்தபட்ச அனுபவம். அரசுப் பணியில் குறைந்தபட்சத்தோடு கதை முடிவதில்லை. பணிமூப்புப் பட்டியல் தயாராக வேண்டும், பதவி உயர்வுக்கான பேனல் வெளிவர வேண்டும், யாராவது வழக்குப் போட்டிருந்தால் அது தீர வேண்டும், மேலே ஓர் இடம் காலியாக வேண்டும். இவ்வளவும் தாண்டி ஒருவர் யூனிட் சீஃபாக உட்காரும்போது ஐம்பது வயது தொட்டுவிடுகிறது. அவர் சீஃபாக இருக்கப்போவது சுமார் பத்து வருடம். அதிலும் கடைசி சில வருடங்களை மருத்துவக் கண்காணிப்பாளர், துணை முதல்வர், டீன் என்று நிர்வாக நாற்காலிகள் பறித்துக்கொள்கின்றன. மாவட்டத்திலேயே திறமையான அறுவை சிகிச்சை நிபுணர் 58 வயதில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, லிஃப்ட் பழுதுக்கும் துப்புரவு ஒப்பந்தத்துக்கும் கோப்பு எழுதுகிறார். இதில் எனக்கு இருக்கும் வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. நிர்வாகம் தெரிந்த வேறொருவரை அந்த நாற்காலியில் அமர்த்த முடியும். அந்தக் கையைக் கொண்டு அறுவை செய்ய வேறொருவரை எளிதில் கொண்டுவர முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சீஃப்கள் வானத்திலிருந்து கிடைக்கவில்லை. கிராமத்தில் வேலை செய்தவருக்கு மேற்படிப்பில் முன்னுரிமை, படித்து முடித்ததும் மீண்டும் அரசுப் பணி என்று பல பத்தாண்டுகளாகப் போட்டுவந்த பாதையில்தான் அவர்கள் வந்தார்கள். மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டுக்கு அகில இந்திய விதிகளால் சிக்கல் வந்தபோது 2017-ல் மருத்துவர்கள் தெருவில் இறங்கியது அதனால்தான். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கு அது. சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் 50 சதவீதம் ஒதுக்கிய தமிழ்நாடு அரசின் 2020 நவம்பர் ஆணைக்கும் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. நுழைவாயிலை மீட்டுவிட்டோம். உள்ளே வந்தவர்களை வைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே வளாகம், இரண்டு ஓய்வு வயது

மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்கள் 2022-ல் சேர்ந்தபோது தோப்பூரில் அதற்கான கட்டடம் இல்லை. அவர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இடம் கொடுக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் மாநில அரசின் பேராசிரியரும் எய்ம்ஸ் பேராசிரியரும் பாடம் எடுத்தார்கள். அவர்களில் மாநில அரசுப் பேராசிரியர் 60 வயதில் ஓய்வு பெற வேண்டும். எய்ம்ஸ் பேராசிரியர் 65 வரை பணியில் இருக்கலாம். நோயாளிகள் அதே மாவட்டத்துக்காரர்கள்.

மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்களின் ஓய்வு வயது 2016-ல் 65 ஆனது. நிபுணர்கள் போதாது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். 62 வயதுக்குப் பிறகு நிர்வாகப் பதவி கிடையாது, சிகிச்சையும் பயிற்றுவிப்பும் மட்டும் என்ற ஏற்பாடும் பின்னர் சேர்ந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசு ஊழியர்களின் பொது ஓய்வு வயது 56 என்றிருந்தபோதே, 2017-ல் சுகாதாரத் துறை மருத்துவர்களுக்கு 60 என்றும் மருத்துவக் கல்வித் துறையினருக்கு 62 என்றும் உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 58 என்பது 2020 மே மாதத்தில் 59 ஆகி, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. அது எல்லா அரசு ஊழியருக்குமான பொது முடிவு. மூத்த மருத்துவர் என்பவரைத் தனியாக யோசித்து எடுத்த முடிவு அல்ல.

இதில் மிகவும் வேதனையான இடம் ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரி ஆசிரியராக 70 வயதுவரை பணிபுரிய தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் இடம் தருகின்றன. அதனால் அரசுக் கல்லூரியில் 60-ல் ஓய்வு பெறும் பேராசிரியர்களில் பலர் அடுத்த மாதமே தனியார் மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். இன்னும் பத்து வருடம் பாடம் நடத்தும் தெம்பும் மனமும் அவர்களிடம் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் உருவான அனுபவத்தின் கனிந்த பகுதி, பல லட்சம் கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்குப் போய்ச் சேருகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போகிறார்கள். நாம்தான் அவர்களைக் கூப்பிடவில்லை.

ஓய்வு வயதை உயர்த்தினால் இளைய மருத்துவர்களுக்குப் பதவி உயர்வு தேங்கும் என்பது எதிர்வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 45 வயதில் உதவிப் பேராசிரியராகவே இருப்பவரிடம் போய், மேலே இருப்பவர் இன்னும் ஐந்து வருடம் இருப்பார் என்று சொன்னால் அவர் ராஜினாமா கடிதம் எழுதுவார். ஆகவே 60-ல் பதவியையும் நிர்வாக அதிகாரத்தையும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, விரும்புகிறவர்களை மட்டும் பயிற்றுவிப்பவராகவும் ஆலோசகராகவும் கூடுதல் பணியிடத்தில் வைத்துக்கொள்ளும் வழியை நான் ஆதரிக்கிறேன். அவர்களுக்குக் கோப்பு வேண்டாம், அறைக்கு வெளியே பெயர்ப்பலகையும் வேண்டாம். வார்டும் வகுப்பும் போதும்.

┌──────────────
பெட்டிச் செய்தி: எண்களில் அரசு மருத்துவக் கல்வி

▪ தமிழ்நாட்டில் மாநில அரசின் மருத்துவக் கல்லூரிகள் 36. அவற்றில் எம்.பி.பி.எஸ். இடங்கள் 5,050.

▪ சென்னை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1835. அதன் பொது மருத்துவமனையின் வரலாறு 1664-லிருந்து தொடங்குகிறது.

▪ 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. சேர்ந்த இடங்கள் 1,450.

▪ அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்கள் 6: தென்காசி, மயிலாடுதுறை, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், பெரம்பலூர்.
└──────────────

11 கல்லூரிகள் வந்தன, பேராசிரியர்கள்?

அந்த 11 கல்லூரிகளையும் நான் வரவேற்கிறேன். அரியலூர்க்காரர் தஞ்சாவூருக்கும் கள்ளக்குறிச்சிக்காரர் சேலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் முடிய வேண்டும் என்ற எண்ணத்தில் பிழை இல்லை. ஒரு கட்டடத்தை இரண்டு மூன்று வருடத்தில் எழுப்பிவிடலாம். பேராசிரியர் உருவாவதற்கு ஆகும் காலத்தை மேலே பார்த்தோம். எனவே புதிய கல்லூரிகளின் மூத்த இடங்களுக்குப் பழைய கல்லூரிகளிலிருந்தே ஆட்கள் போனார்கள். மதுரையிலும் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் மூன்று பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்க்க வேண்டி வந்தது.

இதை மறைக்க முன்பெல்லாம் ஒரு வழி இருந்தது. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் வேறு ஊர்களிலிருந்து மருத்துவர்களை அயல்பணியில் அனுப்பி, தலையெண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்கள். குழு திரும்பியதும் மருத்துவர்களும் திரும்பிவிடுவார்கள். ஆதார் இணைந்த வருகைப் பதிவு வந்து, 2025 மே மாதத்திலிருந்து முகம் காட்டிப் பதிவு செய்யும் முறையும் வந்த பிறகு அந்த வழி அடைபட்டது. அடைபட்டது நல்லதுதான். ஆனால் தவறு செய்யாதவர்களையும் அது வாட்டுகிறது. விடியற்காலை நான்கு மணிவரை விபத்து கேஸுக்கு அறுவை செய்த நிபுணரும் காலையில் குறித்த நேரத்துக்குள் முகம் காட்ட வேண்டும். அவருடைய இரவு வேலைக்குப் பதிவேட்டில் தனி இடம் வேண்டாமா? 2023 மே மாதத்தில் ஸ்டான்லி, திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம், தருமபுரி ஆகிய மூன்று அரசுக் கல்லூரிகளின் அங்கீகாரத்தையே ஆணையம் விலக்கியது. சுட்டிக்காட்டிய குறைகளில் வருகைப் பதிவும் கண்காணிப்பு கேமராவும் முக்கியமாக இருந்தன. அடுத்த மாதமே அங்கீகாரம் திரும்பிவிட்டது. 1938-லிருந்து மருத்துவர்களை உருவாக்கிவரும் ஸ்டான்லியின் மாணவர்கள் அந்தச் சில வாரங்களில் பட்ட பதற்றத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

எண்ணிக்கையின் அடிப்படையே கோணலாக இருப்பது இன்னொரு சிக்கல். ஒரு கல்லூரிக்கு எத்தனை பேராசிரியர்கள் என்பதை அங்கே சேரும் எம்.பி.பி.எஸ். மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆணையம் வகுக்கிறது. கற்பிக்க அது போதும். ஆனால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் ஓ.பி.யில் தினமும் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கிறவர்கள் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. ஆணையம் கேட்பது குறைந்தபட்சம். நம் அரசு அந்தக் குறைந்தபட்சத்தையே உச்சவரம்பாக வைத்துக்கொண்டது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணியிடம் உருவாக்குங்கள் என்பது 2019 போராட்டத்தின் நான்கு முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. இன்றும் அது கோரிக்கையாகவே இருக்கிறது.

┌──────────────
பெட்டிச் செய்தி: ஆணையத்தின் 2025-ன் புதிய ஆசிரியர் தகுதி விதிகள் சொல்வது என்ன?

▪ 220 படுக்கைகளுக்கு மேல் உள்ள, இதுவரை கல்லூரியோடு சேராத அரசு மருத்துவமனைகளையும் பயிற்சி மருத்துவமனைகளாக அறிவிக்கலாம்.

▪ அங்கே பத்தாண்டு அனுபவமுள்ள முதுநிலை நிபுணர் இணைப் பேராசிரியர் ஆகலாம்.

▪ இரண்டாண்டு அனுபவமுள்ளவர், சீனியர் ரெசிடென்ட் பணிக்காலம் இல்லாமலே உதவிப் பேராசிரியர் ஆகலாம். மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சியை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும்.
└──────────────

354: பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஒலிக்கும் எண்

அரசு மருத்துவர்கள் மூன்று பேர் கூடினால் பேச்சில் '354' வந்துவிடும். 2009 அக்டோபரில் வெளியான அரசாணையின் எண் அது. காலம் சார்ந்த ஊதிய உயர்வுக்கு வழி செய்த ஆணை. அதன்படி நான்காம் ஊதியப் பட்டையை எட்ட இருபது வருடப் பணி தேவைப்படுகிறது. அதை 12-ம் ஆண்டிலேயே தாருங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். மத்திய அரசு மருத்துவர்கள் 13, 14 ஆண்டுகளில் அங்கே போய்விடுகிறார்கள் என்பது அவர்கள் முன்வைக்கும் ஒப்பீடு.

2019 அக்டோபர் 25-ல் தொடங்கி நவம்பர் 1 வரை நீடித்த வேலைநிறுத்தத்தின் மையம் இதுதான். பேச்சுவார்த்தை நடந்தது, போராட்டம் முடிந்தது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் ஊர்விட்டு ஊர் மாற்றப்பட்டார்கள். குற்றக் குறிப்பாணைகளும் வந்தன. 2020 பிப்ரவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் லட்சுமி நரசிம்மன் அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. அதே மாதத்தின் தொடக்கத்தில் அவர் காலமாகிவிட்டார். அடுத்த சில வாரங்களில் கொரோனா வந்தது. இடமாற்றம் செய்யப்பட்டவர்களும் குறிப்பாணை பெற்றவர்களும் பாதுகாப்பு உடை அணிந்து வார்டுக்குள் போனார்கள்.

2021-ல் 293 என்ற இன்னோர் அரசாணை சில படிகளை அறிவித்தது. அது 354-க்கு மாற்றாகுமா என்பதில் மருத்துவர் சங்கங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. பணத்தைத் தாண்டி இதில் ஒரு விஷயம் இருப்பதாக நினைக்கிறேன். 40 வயதில் நிற்கும் நிபுணருக்கு ஒரே நேரத்தில் மூன்று நெருக்கடிகள்: பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோர், எட்டாத ஊரில் போஸ்டிங். அந்த வயதில்தான் தனியார் மருத்துவமனையின் அழைப்பும் வருகிறது. அதே வயதில் அரசு அவருக்குக் கொடுக்கும் ஊதியம்தான் அவர் சீஃபாக ஆவாரா, ராஜினாமா செய்வாரா என்பதைத் தீர்மானிக்கிறது. 20-ம் ஆண்டில் வரும் உயர்வு, ஏற்கெனவே தங்கிவிட்டவருக்குத்தான் போய்ச் சேருகிறது.

விலை கொடுப்பது யார்?

இரவில் 108 ஆம்புலன்ஸ் ஒன்று ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு மலைப்பாதையில் இறங்குகிறது. இன்னொன்று ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உள்ளே இருப்பவரின் சீட்டில், 'உயர் சிகிச்சைக்காகப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கும். ரெஃபர் செய்வது குற்றமல்ல. தலையில் ரத்தக்கசிவோடு வருபவரை நரம்பு அறுவை நிபுணர் இல்லாத இடத்தில் வைத்திருப்பதுதான் குற்றம். ஆனால் ரெஃபர்களில் இன்னொரு வகை உண்டு. முடிவெடுக்க அருகில் மூத்தவர் இல்லாததால் செய்யப்படும் ரெஃபர்.

மாரடைப்பால் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே போட்டால் உயிர் பிழைக்கலாம். அதே நெஞ்சுவலி மகாதமனி கிழிந்ததால் வந்ததாக இருந்தால், அதே மருந்து உயிரைப் பறித்துவிடும். இ.சி.ஜி. எப்போதும் தெளிவாகப் பேசுவதில்லை. இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, வலி எங்கே தொடங்கி எங்கே போனது என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். பணியில் சேர்ந்து இரண்டு வருடமான டியூட்டி டாக்டருக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு யுகம். போனில் கேட்கலாம். மறுமுனையில் கேட்கப்படுபவர் இருக்க வேண்டும்.

பிரசவ வார்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கெடுப்பில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54 ஆக இருந்தது. நாட்டின் சராசரியை விட வெகுவாகக் குறைவு. 24 மணி நேரமும் மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் இருக்கும் அவசரகால மகப்பேறு மையங்களை மாவட்டம்தோறும் அமைத்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். சிசேரியன் கூடக்கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. அதைப் பிரிக்கப் போனால் சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். பிரிக்காமல் கருப்பையையே எடுத்துவிட வேண்டுமா என்பதை அந்த நிமிடத்தில் முடிவெடுத்து, நடுங்காத கையோடு செய்து முடிப்பவர் மூத்த மகப்பேறு மருத்துவர். இத்தகைய கேஸ்கள் இனிக் கூடத்தான் போகின்றன. கையாளத் தெரிந்தவர்களை அதே வேகத்தில் இழக்கிறோம். தாய் இறப்பை இன்னும் குறைக்க வேண்டுமென்றால், புதிய கட்டடத்தை விட இந்தக் கைகளே தேவை.

அடுத்த இழப்பு மாணவர்களுக்கு. 5,050 பேர் ஆண்டுதோறும் சேர்கிறார்கள். உடற்கூறையும் மருந்தியலையும் வீடியோவில் கற்றுக்கொள்கிறார்கள், நீட் பி.ஜி.க்கு ஆன்லைன் பயிற்சியும் எடுக்கிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, 'இதைத் திறக்க வேண்டாம், இரவு முழுக்கக் கவனி' என்று சொல்லும் துணிவை வீடியோ தருவதில்லை. எப்போது அறுக்கக் கூடாது என்பதைச் சீஃபின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். பாதி இடங்கள் காலியாக இருக்கும் துறையில் படித்து வெளியேறும் பி.ஜி., நாளை உதவிப் பேராசிரியராகி அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பார். தான் பார்க்காததை அவர் எப்படிக் கற்றுக்கொடுப்பார்?

இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய்ப் பிரிவின் மூத்த மருத்துவர் ஒருவர் பணி நேரத்தில் ஓ.பி. அறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். அந்த வன்செயலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மருத்துவமனை வன்முறைக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது, அதை நடைமுறைப்படுத்த வேண்டும். அத்தோடு ஓ.பி. அறையில் உள்ள நெரிசலையும் பார்க்க வேண்டும். புற்றுநோய் வந்தவரின் குடும்பத்துக்கு நோய் எந்த நிலையில் இருக்கிறது, மருந்து எவ்வளவு உதவும், எதற்கு உதவாது என்று உட்காரவைத்துச் சொல்ல இருபது நிமிடமாவது வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். பேசாமல் போன வார்த்தைகள் சந்தேகமாக வளர்கின்றன. மூத்த மருத்துவர்களின் எண்ணிக்கை கூடினால்தான் அந்தப் பேச்சுக்கு நேரம் கிடைக்கும்.

செய்யக்கூடியவை

புதிய தகுதி விதிகளைத் தரத்தைக் குறைக்கும் வேலை என்று சில பேராசிரியர்கள் எதிர்க்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆராய்ச்சியும் கற்பித்தலும் தனிப் பயிற்சி கேட்பவை. ஆனாலும் தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இங்கே மருத்துவக் கல்வி இயக்ககம் தனி, மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளை நடத்தும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககம் (டி.எம்.எஸ்.) தனி. டி.எம்.எஸ். பக்கம் இருபது வருடம் அறுவை செய்த சீனியர் சிவில் சர்ஜனுக்கு, கல்லூரி மாணவருக்கு ஆசிரியராகப் பாடம் நடத்தும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. பெரிய மாவட்டத் தலைமை மருத்துவமனைகளைப் பயிற்சி மருத்துவமனைகளாக்கி, இந்த நிபுணர்களைக் கற்பித்தலுக்குள் கொண்டுவந்தால் அனுபவம் வீணாகாது. நோட்டீஸுக்குப் பதில் சொல்வதற்காக டி.எம்.எஸ். மருத்துவமனைகளிலிருந்து அவர்களைப் பெயர்த்தெடுத்துக் கல்லூரிகளில் நட்டால் தாலுகா மருத்துவமனை வெறுமையாகும். ஆளை நகர்த்தாமல் மாணவரை அங்கே அனுப்ப வேண்டும்.

12-ம் ஆண்டு ஊதிய உயர்வுக்கு ஆகும் செலவை, ஒரு நிபுணர் வெளியேறிய பிறகு அதே நோயாளிக்குக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே தனியார் மருத்துவமனைக்குச் செலுத்தும் தொகையோடு அரசு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்தக் கணக்கை நிதித் துறை போட்டு, சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

காலியிடங்களைப் பற்றிப் பேசும்போது அதிகாரிகள் அவை எதிர்பாராமல் வந்தவைபோலச் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரு மருத்துவர் எந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார் என்பது, அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் கையெழுத்துப் போடும் நாளிலேயே பணிப்பதிவேட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. டீன் பதவிக்கும் அப்படித்தான். வரும் ஆண்டில் எந்தக் கல்லூரியில், எந்தத் துறையில், எந்த மாதம் எத்தனை பேராசிரியர்கள் விடைபெறுகிறார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு ஜனவரியிலும் துறை வெளியிடலாம். அந்தந்த இடத்துக்கான பேனலை ஆறு மாதம் முன்பே முடிக்கலாம். புதியவர் பழையவரோடு ஒரு மாதமாவது சேர்ந்து ரவுண்ட்ஸ் போன பிறகு பொறுப்பு மாறலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், மத்திய அரசின் அனுமதியும் வேண்டாம். சுகாதாரத் துறைச் செயலாளரின் ஒரு கடிதம் போதும்.